நானூறு மெகாஹேர்ட்ஸ்

மனித குலத்தின் வரலாறு என்பது வேகத்தின் வரலாறுதான். சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் மனிதன் தேடி அலைவது ஒன்றையே: இன்னும் சீக்கிரம். இந்த உண்மையை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அட்டன் பஸ் நிலையத்தில். பொகவந்தலாவை பஸ் ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி நின்றிருந்தது. வாளியோடு குழாயடிக்குப் போன கண்டக்டர் அங்கேயே ஒரு தேநீரையும் குடித்துவிட்டு ஆறுதலாக வந்தான். நான் சொன்னதை முழுவதும் கேட்ட ஒரு பெண்மணி, "ஐயா, டொய்லட்டு எந்தப் பக்கமுங்க?" என்றார்.

நீங்கள் சுகாதாரப் பகுதியிலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறீர்கள். அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் பெயர் பேரின்பநாயகம். சாவகச்சேரியில் பிறந்தவன். இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவ உதவியாளன். ஆட்கள் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் அல்ல. ஆரம்பத்தில் திருத்தத்தான் நினைத்தேன். அதற்குள் பெயர்ப்பலகை எழுதுகிறவன் வந்துவிட்டான்.

நாகலெட்சுமி இறந்தது குளவி கொட்டியதால் என்று திடீர் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அதில் பிழை இல்லை. குளவிகள் தங்கள் பங்கைச் செய்தன. மிச்சத்தைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு சுகாதாரத் திட்டத்துக்காரர்கள் தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கெல்லாம் கைக்கணினி கொடுக்க வந்தார்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி. கண்ணாடித் திரை, தொட்டு எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி. ஒவ்வொரு நோயாளிக்கும் அதில் ஓர் அட்டை உண்டு. யார், எந்த லயத்து வரிசை வீடு, என்ன வருத்தம், என்ன மருந்து எல்லாம் அதில் வந்துவிடும். அட்டனில் ஒரு மண்டபத்தில் எங்களைக் கூட்டி, இரண்டு வகைப் பெட்டிகளை மேசையில் வைத்து, விரும்பியதை எடுக்கச் சொன்னார்கள். ஒன்றின் வேகம் முப்பத்துமூன்று மெகாஹேர்ட்ஸ். மற்றது நானூறு.

நான் நானூறை எடுத்தேன். இதற்கு விளக்கம் தேவையா?

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மருத்துவிச்சி கேதீஸ்வரி, என் ஊர்க்காரி, முப்பத்துமூன்றை எடுத்தாள்.

"முப்பத்துமூன்று எடுத்தால் பள்ளிக்கூடத்திலை பெயில், பிள்ளை" என்றேன்.

"எனக்கு இது காணும் அண்ணை. தொட்டவுடனை திறக்குது."

பயிற்சி கொடுக்க வந்த பொடியன் விதுசன், கொழும்பில் படித்த எஞ்சினியர், இடையில் புகுந்தான். "சேர், அந்த இலக்கம் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் துடிக்குது எண்டதை மட்டும்தான் சொல்லுது. ஒவ்வொரு துடிப்பிலையும் எவ்வளவு வேலை நடக்குது எண்டது வேறை கதை. நானூறிலை ஏத்தியிருக்கிற சிஸ்டம் பெரிய பாரம். மற்றதிலை சின்னப் பாரம்தான்."

துடிப்பைப் பற்றி எனக்கு அவன் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்றேன். அவன் பிறக்க முதலே நாடி பிடித்தவன் நான் என்றும் சொன்னேன்.

"காய்ச்சல்காரனுக்கும் நாடி நல்லா ஓடும்தானே அண்ணை" என்றாள் கேதீஸ்வரி.

மண்டபம் முழுவதும் சிரித்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் கூடச் சிரித்தான். இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

பெட்டிக்கு நீல வெல்வெட்டில் உறை தைப்பித்தேன். சரஸ்வதி பூசையன்று ஸ்டெதஸ்கோப்புக்கும் தராசுக்கும் நடுவில் அதை வைத்துச் சந்தனப் பொட்டு இட்டோம். கொஞ்சம் சந்தனம் குச்சி செருகும் துவாரத்துக்குள் போய்க் காய்ந்துவிட்டது. அதன் பிறகு குச்சியை எடுக்க ஊசி தேவைப்பட்டது. பஸ் கண்டக்டர்கள் கைத்தொலைபேசியில் பாம்பு விளையாட்டு விளையாடுவதைக் கண்டிருப்பீர்கள். நான் அந்த வகை ஆள் அல்ல. என் பெட்டியைத் தொழிலுக்கு அன்றி நான் தொட்டதே இல்லை.

பெட்டி மெதுவானது என்று நான் எங்கும் சொன்னதில்லை. அது யோசிக்கும். ஒரு பெயரைத் தொட்டால் திரையின் நடுவில் நாலு நிறத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும், திருவிழாக் கடையில் விற்கும் காகிதக் காற்றாடி போல. காற்றாடி நின்றால் அட்டை திறக்கும். முதல் கிழமைகளில் சீக்கிரம் நின்றது. போகப் போக அதற்குச் சுழல்வதில் ஒரு பிரியம் வந்துவிட்டது.

அட்டன் கடைவீதியில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் அம்ஜத்திடம் ஒருநாள் காட்டினேன். பக்கத்து அறையில் அவன் தகப்பன் பக்கீர் நானா அச்சகம் வைத்திருக்கிறார். பெயர் அட்டை அடிப்பது பற்றி விசாரிக்கத்தான் போனேன். போன இடத்தில் காட்டினேன்.

"டொக்டர், வேலை முடிஞ்சா இந்தப் பெருக்கல் குறிய தொடுறீங்கதானே?" என்றான்.

"தொடாமல்? மூடுவதற்கு அதுதானே."

"அது மூடாது. மூடின மாதிரி மறைச்சி வைக்கும், அவ்வளவுதான். உள்ளுக்கு ஓடிக்கிட்டேதான் ஈக்கும். ஒவ்வொண்ணா உள்ள போய் நிப்பாட்டணும். இல்லாட்டி நாலு பேரத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடச் சொன்ன மாதிரி. எஞ்சின் நானூறோ நாலாயிரமோ, மூச்சுத்தான் வாங்கும்."

கைத்தொலைபேசிக்கு மூடி மாற்றுகிறவனிடம் நான் மேற்கொண்டு பேசவில்லை. பெயர் அட்டைக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி வாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிஸ்பென்சரி வாசலில் ஒரு நீள மரவாங்கு கிடக்கிறது. நீங்களும் காலையில் அதில்தான் இருந்தீர்கள். தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வேலை நேரத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் கணக்கப்பிள்ளையிடம் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் இங்கே வரவேண்டும். துண்டு இல்லாதவருக்கு மருந்து இல்லை, அன்றைய நாட்சம்பளமும் இல்லை. இதை நான் உண்டாக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்து ஒழுங்கு. நாலு தலைமுறையாகத் துண்டுக்குக் காத்திருந்து பழகிய சனம் அது. ஆகவே நான் வாசலுக்கு வந்து, "பொட்டி எழும்பட்டும், கூப்பிடுறன்" என்றபோது ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

"கணக்கப்புள்ளகிட்ட ஒரு துண்டு, பொட்டிகிட்ட ஒரு துண்டு" என்று கொழுந்தெடுக்கும் பாப்பாத்தி மட்டும் சொன்னாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"சும்மா இரு, ஐயா காதுல விழுந்துரும்" என்றார்கள் மற்றவர்கள். விழுந்தது. நான் பெரிதுபடுத்தவில்லை.

திட்டத்துக்காரர்கள் எல்லா டிஸ்பென்சரிகளின் வேகத்தையும் ஒப்பிட்டார்கள். பெட்டியே கணக்கு வைத்துக்கொள்ளும். நோயாளியின் அட்டை திரையில் திறந்த கணத்தில் நேரம் தொடங்கும். மருந்து கொடுத்தாயிற்று என்று தொட்டதும் முடியும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அட்டை திறக்கும் வரை நேரம் தொடங்குவதில்லை. அதுவரை நோயாளி வரவில்லை. வாசலில் இருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே நான் முன்கூட்டியே வாங்குக்குப் போய் என்ன வருத்தம் என்று கேட்டு, மாத்திரையை எண்ணிக் கையில் எடுத்துக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் வந்து நிற்பேன். காற்றாடி நின்றதும் கூப்பிடுவேன். வந்தவர் வாயைத் திறக்குமுன் மருந்து கையில் இருக்கும். ஏமாற்று என்று சிலர் சொல்லக்கூடும். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்கும் வரை ஓடுகிறவன் குனிந்து நிற்பதில்லையா?

பிராந்தியத்திலேயே மிக வேகமான டிஸ்பென்சரி என்று எனக்குக் கேடயம் கிடைத்தது. தோட்ட மேலாளர் பெரியதொரை கைகுலுக்கினார். நான் வேகத்தின் வரலாறு பற்றிப் பேசினேன், சக்கரத்திலிருந்து தொடங்கி. இந்த முறை யாரும் டொய்லட்டைக் கேட்கவில்லை. கேதீஸ்வரி கடைசி இடம். நோயாளி படலையில் வரும்போதே அவள் அட்டையைத் திறந்துவிடுவாளாம். நொண்டி நொண்டி நடந்து வருகிற நேரமும் அவள் கணக்கில் ஏறிவிடும். அவசரமென்றால் முதலில் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு ஆறுதலாக அட்டையில் எழுதுவாளாம். விதுசன் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தான் என்றாள். சொல்லிக்கொடுத்தது உண்மைதான். எனக்கும் நினைவிருக்கிறது.

கேடயத்தோடு நான் நின்றபோது கிட்ட வந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணை, உங்கடை ஆக்கள் எங்கை இருந்து காத்திருக்கினம்?"

"எங்கடை ஆக்கள் காத்திருக்கிறேல்லை" என்றேன்.

அந்த மாதக் கடைசியில் இனி எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே வகைப் பெட்டி, அது எது என்று முடிவெடுப்பதாக இருந்தார்கள். நானூறு வென்றால் பிராந்தியப் பயிற்றுநர் என்று ஒரு பதவி. அது யாருக்கு என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அந்தப் பதவியைப் போட்ட பெயர் அட்டைக்கு பக்கீர் நானா ஒரு மாதிரியை அடித்தும் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு குறை. சாதாரண நோய், காயம், குழந்தைகளுக்கான ஊசி எல்லாவற்றிலும் நான் முதலிடம். அவசர சிகிச்சை என்ற பகுதியில் மட்டும் என் பக்கம் வெறுமையாக இருந்தது. என் தோட்டத்தில் அவசரமே வரவில்லை. எனக்கு ஓர் அவசரம் தேவைப்பட்டது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் ஒரு மரத்தில் பெரிய குளவிக்கூடு இருப்பதாகக் கணக்கப்பிள்ளை செல்லசாமி என்னிடம் சொல்லியிருந்தார். "நாங்க சொன்னா தொரை காதுல ஏறாதுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா அந்த மலையில வேலைய ரெண்டு நாளைக்கு நிப்பாட்டி, கூட்டைக் கலைச்சிடலாம்" என்றார். சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே தொரையைப் பங்களாவில் கண்டேன். மெகாஹேர்ட்ஸ் பற்றித்தான் பேச்சு வந்தது. குளவியைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த ஏழாம் நம்பர் மலையிலிருந்துதான் நாகலெட்சுமியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழைக்கும் குளிருக்கும் பெண்கள் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. நாலு மூலையையும் நாலு பேர் பிடித்திருந்தார்கள். அவளைத்தான் குளவி மொய்த்திருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு கொட்டுத்தான். முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. உதடு தடித்திருந்தது. மூச்சு விசில் போல வந்தது. இதற்கு என்ன ஊசி, எவ்வளவு, எங்கே போட வேண்டும் என்பது எனக்கு நித்திரையிலும் தெரியும். மருந்து இருந்தது. திகதி கடக்காத மருந்து. அலமாரி திறந்தே இருந்தது.

வாங்கில் கிடத்தச் சொன்னேன்.

உள்ளே போய் ஊசியில் மருந்தை நிரப்பினேன். பெட்டியைத் திறந்து அவள் பெயரைத் தொட்டேன். காற்றாடி சுழலத் தொடங்கியது. இடது கையில் ஊசி, வலது கையில் குச்சி. தயாராக நின்றேன். அவ்வளவு தயாராக நான் ஒருநாளும் நின்றதில்லை.

பாப்பாத்தி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். அவள் கன்னத்திலும் ஒரு கொட்டு இருந்தது. "ஐயா, புள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க. அந்த ஊசியத்தான் கையில வச்சிருக்கீங்களே, போட்டுடுங்கய்யா."

"பொறு பிள்ளை. பொட்டி எழும்பட்டும்."

"பொட்டிக்கா கொட்டுச்சு?"

"பாப்பாத்தி, வாய மூடு. ஐயாவுக்குத் தெரியாததா?" இதைச் சொன்னது அழகன், நாகலெட்சுமியின் புருஷன். மேல்மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடிவந்திருந்தான். தேயிலை மரத்தை ஒரே வீச்சில் அரியும் அந்தக் கத்தியோடு வந்தவன், வாசலைக் கண்டதும் அதைப் படிக்குக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். பிறகு வாங்கருகில் குந்தி, அவள் காதில் சொன்னான். "கொஞ்சம் பொறு லெட்சுமி. பொட்டி இப்ப தொறந்துரும்."

அவளும் பொறுத்தாள். அவள் கையில் கணக்கப்பிள்ளை கொடுத்த துண்டு இருந்தது. அந்த நிலையிலும் செல்லசாமி துண்டு எழுதியிருக்கிறார், அவளும் அதைக் கசங்காமல் பிடித்திருக்கிறாள்.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். பெட்டியில் அது பதியவில்லை. கீழ் ரோட்டில் கொழுந்து லொறி ஃபேக்டரிக்குப் போனது. கொழுந்தை இறக்கிவிட்டு வெறும் லொறியாகத் திரும்பி மேலே போனது. போகிற சத்தத்தையும் கேட்டேன், வருகிற சத்தத்தையும் கேட்டேன். இடையில் இரண்டு முறை காற்றாடி நின்றது. அட்டை திறந்ததென்று நினைத்தேன். மறுபடி சுழன்றது. விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வாசலில் பேச்சும் குறைந்தது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போயிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் ஊசி முதல், அட்டை பிறகு என்றால் அது கேதீஸ்வரியின் முறை. அந்த மண்டபத்தின் சிரிப்பு எனக்கு மறுபடி கேட்டது. தேநீர் ஊற்றுகிறவன் சிரித்தது தனியாகக் கேட்டது.

விசில் நின்ற பிறகுதான் அட்டை திறந்தது.

"உள்ளே கொண்டு வாங்கோ" என்றேன்.

தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். கழுத்தில் விரல் வைத்தேன். நாடி பிடிப்பது பற்றி முதலில் பெருமையாகச் சொன்னேன் அல்லவா, அதில் பொய்யில்லை. விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. அவள் கட்டிலுக்கு வரும்போதே இல்லை. வாங்கிலேயே போய்விட்டாள்.

பெட்டி எண்ணிக்கொண்டிருந்தது. நான் ஊசியைப் போட்டேன். மருந்து கொடுத்தாயிற்று என்ற இடத்தைத் தொட்டேன்.

ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவசர சிகிச்சையில் அதைவிட வேகமான பதிவு பிராந்தியத்தில் அதற்கு முன் இல்லை, இன்றுவரையும் இல்லை. நான் மருந்து ஏற்றியது ஒரு பிணத்துக்கு என்பது எனக்கு மட்டும் தெரியும். பெட்டிக்குத் தெரியாது. அதில் உயிரா பிணமா என்று கேட்கும் இடம் இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் இறந்துவிட்டதாகச் சொன்னேன், குரலைத் தாழ்த்தி.

அழகன் என் காலைத் தொட்டான். "ஐயா உங்களால ஆனத செஞ்சீங்க" என்றான். நான் அவனைத் தூக்கி நிறுத்தினேன். பாப்பாத்தி வாங்கையும் பார்த்தாள், என் மேசையையும் பார்த்தாள். சாவு வீட்டுக்கு வந்த கேதீஸ்வரியிடம் லொறி போய் வந்த கதையைச் சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரியும். கேதீஸ்வரி சொல்லித்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஊசி என் கையில் இருந்தது. அவள் வாசலில் உயிரோடு இருந்தாள். நான் போடவில்லை. கூட்டைப் பற்றியும் நான் மறக்கவில்லை. இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை வைத்து நானூறைக் குறை சொல்லிவிட வேண்டாம். பெட்டி வேகமானது. இந்த மலைக்குளிரும், இங்குள்ள மின்சாரமும், லயத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பதும் அதன் குற்றமா? அதை வேறெதற்கும் பயன்படுத்தி நான் களைக்க வைக்கவும் இல்லை.

நேற்று நீங்கள் பெட்டியை அம்ஜத்தின் கடைக்குக் கொண்டுபோனபோது நானும் பக்கத்தில் நின்றேன். நீங்கள் தொலைபேசியில் பேச வெளியே போயிருந்த நேரம் அவன் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். எப்படியும் அவன் சொல்லிவிடுவான். அதற்கு முன் நானே சொல்வது மரியாதை.

அவன் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தவற்றைக் காட்டும் பக்கத்தைத் திறந்தான். "டொக்டர், நான் அண்டைக்கே சொன்னேனே" என்றான். ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போனான். நிறுத்த நிறுத்தப் பெட்டி சுறுசுறுப்பானது. நாகலெட்சுமியின் பெயரைத் தொட்டுப் பார்த்தான். காற்றாடி வரவே இல்லை. அட்டை உடனே திறந்தது.

ஒன்றை மட்டும் நிறுத்தாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

சீட்டாட்டம். நாகலெட்சுமி இறந்த அன்று காலை, கொழுந்தெடுக்கும் பெண்கள் மலைக்குப் போன பிறகு, நான் தொடங்கியது. பாதியில் நின்றிருந்தது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.